50 கிலோவுக்கு இறக்கிய உடம்பு: காசிமேட்டு ஃப்ளைவெயிட் வீராங்கனை ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

2022-ஆம் ஆண்டின் நடுவில் பாங்காக்கில் நடந்த ஓர் அழைப்புக் குத்துச்சண்டைப் போட்டியில், காசிமேட்டைச் சேர்ந்த 21 வயதுப் பெண் ஒருத்தியின் பவுட்டை (மோதலை) மூன்றாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தினார். முதல் ரவுண்டை ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். கீழே விழும்படி ஓர் அடியும் படவில்லை. அவள் தடுமாறியதால் நின்ற நிலையிலேயே இரண்டு முறை எட்டு வரை எண்ணினார்கள். அதன்பின் நடுவர் கையசைத்து ஆட்டத்தை முடித்துவிட்டார். ஊருக்கு வந்ததும் கிளப்பில் எழுந்த பேச்சு ஒன்றுதான்: "பொண்ணுக்கு தில் பத்தல."

அந்தப் பேச்சு தவறு என்று காட்டவே இதை எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பாக்ஸிங் பிள்ளைகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். அவளும் அவள் வீட்டாரும் சம்மதம் கொடுத்த பிறகே இந்த விவரங்களைத் தொகுத்தேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில தகவல்களை மாற்றியிருக்கிறேன். எடை, ரத்தப் பரிசோதனை, சாப்பாட்டுக் கணக்கு எதையும் மாற்றவில்லை.

பின்னணி

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் விற்கிறார். தாத்தா காலத்தில் வட சென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை பேர் சொல்லி மோதிக்கொண்ட கதைகள் அந்தத் தெருவில் இன்னும் ஓடுகின்றன. அவள் பாக்ஸிங்குக்கு வந்தது அண்ணனுக்குத் துணையாக. ஆறே மாதத்தில் அண்ணன் நின்றுவிட்டான், அவள் நிற்கவில்லை. மாஸ்டர் சொல்வது: "அவ கால் ரெண்டும் பேசும்மா. உள்ள போவா, ரெண்டு குடுப்பா, திரும்பிப் பாத்தா ஆள் இருக்க மாட்டா."

ஜூனியரில் மாநில மெடல், யூத் பிரிவில் நேஷனல்ஸ் மெடல், அதன்பின் தேசிய முகாம். யூத்தில் கடைசி வருடம் செர்பியாவில் ஒரு போட்டிக்கு அனுப்பினார்கள். 51 கிலோவில் வெண்கலம். அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் உண்டு. அந்தப் பிரிவில் ஆள் குறைவு, ஒரே பவுட் ஜெயித்து மெடல் வாங்கினாள். இதைச் சொல்வது அவளைக் குறைத்துப் பேச அல்ல. அந்த ஒரு பவுட்டின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மூன்று ரவுண்டும் குதிகால் தரையில் படவே இல்லை. ஜாப் (முன் கையால் நேராகப் போடும் குத்து) போன வழியிலேயே கை தாடைக்குத் திரும்புகிறது. அன்று காலை அவள் எடை 50.8. முந்தின வாரம் வீட்டில் 52. அதிகம் போராடாமல் இறங்கிய எடை அது. பின்னால் வந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களும் போதும்.

எடைப் பட்டியல் மாறியது

ஃப்ளைவெயிட் என்றால் நெடுங்காலம் 51 கிலோ. பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற லண்டன் 2012-இல் பெண்களுக்கு மூன்றே பிரிவுகள்: 51, 60, 75. உலகப் பட்டங்களை 45, 46, 48 கிலோ பிரிவுகளில் வென்றிருந்த மேரி கோம், ஒலிம்பிக்குக்காக 51-க்கு ஏறி வெண்கலம் வாங்கினார். இயற்கையான எடைக்குப் பிரிவு இல்லாததால் அவர் ஏற வேண்டியிருந்தது. எங்கள் பெண்ணுக்கு நடந்தது இதன் நேர் எதிர்.

2021-இல் சர்வதேசச் சங்கம் பிரிவுகளைத் திருத்தியது. பெண்களுக்கு 48-க்கு அடுத்து 51 இருந்த இடத்தில் 50, 52, 54 என்று வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வாய்ப்பு கூடிவிட்டது. ஆனால் 52 கிலோ உலகச் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில் மட்டும்தான். ஹாங்சோ ஆசிய விளையாட்டு, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் 50-க்கு அடுத்தது நேராக 54; 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் 57. நிகத் ஜரீனே 2022 மே மாதம் இஸ்தான்புலில் 52 கிலோவில் உலகச் சாம்பியன் ஆகி, ஆகஸ்டில் பர்மிங்காமில் 50 கிலோவில் தங்கம் வென்றார். 52-இல் நின்றால் வழி சீக்கிரம் முட்டும் என்று எல்லாக் கோச்சுகளுக்கும் தெரிந்திருந்தது.

அப்போது அவள் சாதாரண எடை 53.5. கொரோனா ஊரடங்கில் கிளப் மூடிக் கிடந்தபோது உடம்பு வளர்ந்திருந்தது. 19, 20 வயதில் வளரத்தான் செய்யும். 54-க்குப் போனால் தன்னைவிட அரையடி உயரமான பெண்களோடு மோத வேண்டும். 50-க்கு இறங்கினால் மூன்றரைக் கிலோ. முகாமில் 50 என்று முடிவானது. அவளும் சரியென்றாள். மெடல் இருந்தால்தான் ரயில்வேயோ மாநில அரசின் 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீடோ கைக்கு வரும். வேலை வந்தால் அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தலாம். அந்தச் சரிக்குப் பின்னால் ஒரு முழுக் குடும்பமே நின்றது.

எடை இறக்கிய விதம்

தொழில்முறைப் பாக்ஸிங்கில் பவுட்டுக்கு முந்தின நாளே எடை பார்ப்பார்கள். இழந்த தண்ணீரையும் உப்பையும் திரும்ப ஏற்ற ஒரு முழு நாள் கிடைக்கும். அமெச்சூரில் அப்படியில்லை. முதல் நாள் எல்லாருக்கும் எடை. பிறகு யாருக்கு எந்த நாள் பவுட்டோ அந்தக் காலையிலும் எடை. எடை முடிந்து முதல் பவுட்டுக்கு மூன்று மணி நேர இடைவெளி போதும் என்பது விதி. நாலு பவுட் ஆடி ஃபைனலுக்குப் போகிறவள் நாலு காலையும் தராசில் ஏற வேண்டும். தண்ணீரை வடித்து எடை இறக்கும் முறை அமெச்சூருக்குச் சுத்தமாக ஒத்துவராது என்று நான் சொல்வது இதனால்தான். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் குறைந்தாலே உழைப்புத் திறன் இறங்கத் தொடங்கும். அவள் கடைசி இரண்டு நாளில் மட்டும் இறக்கியது கிட்டத்தட்ட இரண்டு கிலோ. நூற்றுக்கு நாலு பங்கு.

எப்படி இறக்கினாள் என்பதை அவள் வாயாலேயே கேட்டுக் குறித்துவைத்தேன். இரவுச் சோறு மூன்று வாரம் முன்பே நின்றது. காலையில் இரண்டு இட்லி, மதியம் கைப்பிடி சோறும் ரசமும், மாலையில் ஒரு வாழைப்பழம், டீ மூன்று வேளை. கடைசி வாரம் டிராக்சூட்டுக்குள் ரெயின்கோட் போட்டு நண்பகலில் துறைமுகத்து மணலில் ஓட்டம். மே மாதச் சென்னையில், கடற்காற்றின் ஈரத்தில், வேர்வை காயவே காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. உள்சூடு ஏறிக்கொண்டே போகும். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், ஆறு வாரங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக, இதே முறையில் எடை இறக்கும்போதுதான் இறந்தார்கள். கடைசி நாள் தண்ணீர் குடிக்காமல் சூயிங்கம் மென்று துப்பியிருக்கிறாள். எடை சரிபார்த்தது மீன் கூடை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில். அம்மா பக்கத்தில் நின்று எண்ணைப் படித்துச் சொல்வாராம்.

இதில் வெளியாள் கண்ணுக்குப் படாத ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கட்டிக் கிடக்கும், அப்பாவுக்குக் கூலி கிடையாது. அம்மா ஃபைபர் படகுக்காரர்களிடம் கூடுதல் விலைக்கு எடுத்து விற்க வேண்டும். விற்கிற மீனை வீட்டுக்கு எடுத்தால் கட்டாது. நிவாரணப் பணம் வாடகைக்கும் வட்டிக்கும் போய்விடும். மற்ற நாளில் நெத்திலியும் மத்தியும் காரப்பொடியும் தட்டில் விழுகிற வீட்டில் அந்த இரண்டு மாதம் ரசமும் அப்பளமும்தான். புரதமும் இரும்புச் சத்தும் வீட்டிலிருந்தே மறைந்துபோன மாதங்களில்தான் அவளை எடை இறக்கச் சொன்னார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. முகாமில் உணவு அட்டவணை எழுதிக் கொடுத்தவருக்குத் தடைக்காலம் என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்காது.

பாங்காக்

கிளம்பும் முன் மாஸ்டர் வி. தேவராஜனைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடிய நம்ம ஊர்க்காரர், 1994-இல் இதே பாங்காக்கில் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கியவர். அவளுக்கு அது பெரிய பலமாக இருந்தது என்றாள்.

எடை 49.9. பவுட் ஐந்து மணி நேரம் கழித்து. எலக்ட்ரால், வாழைப்பழம், வெள்ளைச் சோறு என்று கொடுத்ததெல்லாம் வயிற்றில் கனத்துக் கிடந்ததே தவிர உடம்பில் சேரவில்லை. கார்னரிலிருந்து போனில் எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது. முதல் ரவுண்ட் செர்பியாவில் பார்த்த அதே பெண். இரண்டாவது ரவுண்டின் பாதியில் இடது குதிகால் தரையைத் தொடுகிறது. பிறகு எழவே இல்லை. ஜாப் போட்ட கை மார்பு உயரத்தில் திரும்புகிறது. எதிராளி பெரிய கெட்டிக்காரி அல்ல. அந்தத் திறந்த இடத்தில் நேர் வலது கையை வரிசையாகப் போட்டாள், அவ்வளவுதான். மூன்றாவது ரவுண்டில் எங்கள் பெண் வரும் அடியைப் பார்க்கிறாள், தலை நகரவில்லை. முதல் எட்டு எண்ணியபோது நடுவர் கேட்ட கேள்விக்குத் தலையாட்டினாள். தனக்கு அது நினைவே இல்லை என்று என்னிடம் சொன்னாள்.

பரிசோதனை

அவள் என்னிடம் வந்தது இதற்காக அல்ல. வலது காலில் வலி, ஓட முடியவில்லை என்று மாஸ்டர் அனுப்பினார். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள் ஓரத்தில் விரல் வைத்தால் ஒரே புள்ளியில் துள்ளினாள். தசைப்பிடிப்பு என்றால் வலி நீளமாகப் பரவியிருக்கும். எம்ஆர்ஐ எலும்பு அழுத்தக் காயத்தைக் காட்டியது. விரிசலுக்கு முந்தின நிலை.

இருபத்தொரு வயதில், பல வருடம் ஸ்கிப்பிங் ஆடிப் பழகிய எலும்பு, ஓட்டத்தைக் கூட்டாமலே ஏன் நோக வேண்டும்? கதவைச் சாத்திவிட்டு மாதவிடாய் பற்றிக் கேட்டேன். ஏழு மாதமாக இல்லை என்றாள், எந்தக் கவலையும் இல்லாமல். "அது நின்னுட்டா நல்லதுக்கா. கேம்ப்ல சீனியர் அக்காங்கோ எல்லாம் அப்டித்தான் சொன்னாங்கோ. பவுட்டு அன்னிக்கு தொல்லை இல்லையாம்." மாஸ்டர் நல்ல மனிதர், பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளையாகப் பார்ப்பவர். இதை அவரால் கேட்டிருக்கவே முடியாது, அவளாலும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது. பெண்கள் பயிற்சி எடுக்கும் ஒவ்வொரு கிளப்பிலும் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. இது அவள் ஒருத்தியின் கதையும் அல்ல. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்குச் சோகை. ரிங்கில் ஏறும் பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேர்க்கிறாள், கூடுதலாக உழைக்கிறாள், குறைவாகச் சாப்பிடுகிறாள். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காவிட்டால் இரண்டாவது ரவுண்டில் குதிகால் இறங்கத்தான் செய்யும்.

சாப்பாட்டுக் கணக்கையும் போட்டோம். கொழுப்பு நீக்கிய உடம்பு எடை ஏறத்தாழ 44 கிலோ. கடைசி மூன்று வாரத்துக்கு முன்பு அவள் சாப்பிட்டதாகச் சொன்ன உணவு நாளொன்றுக்குச் சுமார் 1300 கலோரி. பயிற்சியில் செலவு 750. மிச்சம் 550. அதை 44-ஆல் வகுத்தால் கிலோவுக்குப் பன்னிரண்டரைக் கலோரி. ஆரோக்கியமான பெண்ணுக்கு 45 வேண்டும். 30-க்குக் கீழே இறங்கினால் உடம்பு கடையைச் சாத்தத் தொடங்கும். மாதவிடாய், எலும்பு வளர்ச்சி, நோய் எதிர்ப்பு எல்லாமே அடிபடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதை விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறைக் கோளாறு என்று வரையறுத்து அறிக்கை கொடுத்தது; 2018-லும் 2023-லும் புதுப்பித்தது. முதல் அறிக்கை வந்து எட்டு வருடம் கழித்தும், 2022-இல், அது காசிமேடு வரை வந்து சேரவில்லை.

மீட்சி

நான்கு மாதம் ரிங் இல்லை. இதைச் சொன்னபோதுதான் அழுதாள். பாங்காக்கில் தோற்றதற்குக்கூட அழவில்லையாம். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் நிறுத்தம். ஸ்டூலில் உட்கார்ந்து ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது), கை வேலை, சைக்கிள். டாக்டர் இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதினார். அப்படி எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் குடல் கூடுதலாக உறிஞ்சும்.

சாப்பாட்டுக்கு நான் உட்கார்ந்து பேசியது அம்மாவோடு. விலை உயர்ந்த புரதப் பவுடர் எழுதிக் கொடுத்து ஆவது ஒன்றுமில்லை. வாரம் இரண்டு நாள் ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி, தினம் இரண்டு முட்டை, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை. முள்ளோடு மெல்லும் நெத்திலி, எலும்புக்கு. டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கச் சொன்னேன், அது இரும்பை உறிஞ்ச விடாது. அதற்குப் பதில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ. தடைக்காலத்துக்கென்று தனியாகக் கருவாடு எடுத்துவைப்பது அம்மாவின் யோசனை. "விக்கறதுக்கு முன்னாடியே அவ பங்கை எடுத்து வெச்சிடறேன் டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று, கேட்பதில்லை. கருவாட்டின் உப்பை ஊறவைத்து இறக்கச் சொன்னதைத் தவிர அந்த யோசனையில் நான் திருத்தியது எதுவும் இல்லை.

ஐந்தாவது மாதம் மாதவிடாய் திரும்பியது. ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 31. எடை 54.5. எம்ஆர்ஐயில் எலும்பு சுத்தம்.

54-இல்

2023-இல் 54 கிலோவில் ஏறினாள். முதல் இரண்டு பவுட்டும் தோல்வி. எட்டாத தூரத்திலிருந்து ஜாப் வந்து விழுந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் அவள் ஆட்டத்தையே மாற்றினார்: வெளியே சுற்றுவதைக் குறைத்து, தலையை ஜாப்புக்கு வெளிப்பக்கம் கொண்டுபோய் உள்ளே நுழைந்து விலாவில் அடிப்பது. ஒரு வருடம் பிடித்தது. மாநிலப் போட்டியில் வென்றாள், நேஷனல்ஸில் காலிறுதியில் தோற்றாள். அதன்பின் வெளிநாட்டு அழைப்பு வரவில்லை. மெடல் கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இது சரிவு. நான் அப்படிப் பார்க்கவில்லை. காலிறுதியின் மூன்றாவது ரவுண்டை அவள் ஜெயித்தாள். இரண்டு குதிகாலும் கடைசி மணி வரை மேலேயே இருந்தன. "54-ல தோத்தா ஏன் தோத்தேன்னு எனக்கு தெரியுதுக்கா" என்றாள். அடுத்த நாளே அந்தக் காரணத்தைச் சரிசெய்ய பேட்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள்.

பழைய சர்வதேசச் சங்கத்துக்கு மாற்றாகத் தொடங்கிய வேர்ல்டு பாக்ஸிங் அமைப்பில் இந்தியா 2024-இல் சேர்ந்தது. அந்த அமைப்பு 2025-இல் பிரிவுகளை மீண்டும் மாற்றியது. பெண்களுக்கு இப்போது 48, 51, 54 என்று தொடங்குகிறது. நாலு வருடம் முன்பு இருந்திருந்தால் அவளுக்குப் பொருந்தியிருக்கும் 51 இப்போது திரும்பி வந்திருக்கிறது. கிளப்பில் எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. மாஸ்டர் நேராகவே கேட்டார், "இறக்கலாமாம்மா?"

அந்த மூன்று மரணங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் மல்யுத்தத்துக்குக் கொண்டுவந்த முறையை எடுத்துக் கணக்கிட்டேன். சீசன் தொடங்கும்போதே, உடம்பில் தண்ணீர் சரியாக இருப்பதைச் சிறுநீர்ச் சோதனையில் உறுதிசெய்து, கொழுப்பளவை எடுத்து, ஒருவர் எவ்வளவு வரை இறங்கலாம் என்று எல்லை வகுப்பார்கள். வாரத்துக்கு உடம்பு எடையில் ஒன்றரைச் சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது. அங்கே பள்ளி மாணவிகளுக்குக் குறைந்தபட்சக் கொழுப்பு 12 சதவீதம். அந்தக் கணக்குப்படி இவள் எல்லை 50.2 கிலோ, 51-க்குத் தாராளமாக இறங்கலாம். நான் அதை ஏற்கவில்லை. அந்த எண் எல்லாருக்கும் பொதுவாகப் போட்டது. இவளுக்கு ஏற்கெனவே ஒருமுறை எலும்பு நொந்திருக்கிறது, ஏழு மாதம் மாதவிடாய் நின்றிருக்கிறது. அந்த வரலாறு உள்ள உடம்புக்கு எல்லையை இன்னும் மேலே வைக்க வேண்டும். மாநில, தேசியச் சங்கங்கள் இந்தச் சோதனையைத் தேர்வுப் போட்டிக்கு முன் கட்டாயமாக்க வேண்டும். ஒரு தராசும் தோல் மடிப்பு அளக்கும் கருவியும் சில சோதனைத் தாள்களும் போதும். செலவு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இப்போது மூன்று பேரும் உட்கார்ந்து எழுதிவைத்திருப்பது இது. இந்தச் சீசன் முழுக்க 54. தடைக்காலம் முடிந்து ஜூன் கடைசியில் ரத்தப் பரிசோதனை. ஃபெரிட்டின் 40-க்கு மேல் இருந்து, மாதவிடாய் ஆறு மாதம் தவறாமல் வந்திருந்தால், பத்து வாரத்தில் சாப்பாட்டைச் சிறிது சிறிதாகச் சரிசெய்து 52 வரை இறங்கிப் பார்ப்போம். ரெயின்கோட்டும் தண்ணீர் நிறுத்தலும் கிடையாது. அந்த எடையில் ஸ்பாரிங்கில் (பயிற்சி மோதலில்) மூன்றாவது ரவுண்ட் தாங்கினால் மட்டும் 51 பற்றிப் பேச்சு. இல்லையென்றால் 54-க்கே மாநிலத் தேர்வுக்குப் பெயர் கொடுப்போம். மாஸ்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவளும் போட்டிருக்கிறாள். கிளப்பில் 48 கிலோவுக்குத் தயாராகும் இரண்டு சின்னப் பெண்களின் அம்மாக்களும் அதே மாதிரி ஒரு தாள் தங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை அடுத்த வாரம்.